ஏக்கருக்கு முப்பது

எங்கோ மழை பெய்தால் என் அக்காவுக்கு இங்கே தும்மல் வரும். கடல் தாண்டி எந்த நாட்டில் பயிர் காய்கிறது, எந்தத் துறைமுகத்தில் வேலைநிறுத்தம், கச்சா எண்ணெய் ஏறியதா இறங்கியதா, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எங்கள் மக்காச்சோளத்தின் விலையை ஆட்டிவைத்தவை அவைதான். அவள் போய் இரண்டு வருடமாகிறது. இப்போதும் அடுப்பைப் பற்றவைக்கும் முன் நான் வேற்று நாட்டு வானிலையைத்தான் பார்க்கிறேன்.

அவள் இருந்தபோது ஒரு வருடம், அறுவடைக்கு ஒன்றரை மாதம் இருந்தது. விளையப்போகும் சோளத்துக்கு முன்கூட்டியே விலை பேசி விற்றுவைக்கலாம். விலையும் அன்று நல்ல உயரத்தில் இருந்தது. அது கிடைத்தால் ஆற்றோர வயலின் குத்தகையைத் தக்கவைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் சாயங்காலம் அந்த வயலின் சொந்தக்காரரிடம் கையை விரிக்க வேண்டியதுதான். பன்னிரண்டு மணிக்கு அரசின் விளைச்சல் மதிப்பீடு வெளியாக இருந்தது. எங்கும் பயிர் வாடிக் கிடக்கிறது, மதிப்பீடு குறைவாகத்தான் வரும், விலை இன்னும் எகிறும், அப்புறம் விற்போம் என்பது அக்காவின் திட்டம். சமையலறையில் மாவு பிசைந்தபடி அதை ஒரு பாட்டாகவே பாடிக்கொண்டிருந்தாள்.

மணி பதினொன்றே முக்கால். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்கு ஏதோ உறுத்தியது. போன மாதம் மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து போன் செய்து கேட்டார்களே, எவ்வளவு விளையும் என்று சொன்னாய் எனக் கேட்டேன்.

"ஏக்கருக்கு முப்பது குவிண்டால்னு சொன்னேன்."

"இருபத்திரண்டு தேறினாலே பெரிசு."

"முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்ட நம்ம வயலைக் குறைச்சுச் சொல்லுவாங்களாடா? பக்கத்து வயல்காரர் முப்பத்தஞ்சுன்னு அளந்து விட்டிருப்பாரு."

சொல்லி முடித்ததும் அவள் கை மாவுக்குள் நின்றது. ஊர் ஊராக ஒவ்வொரு விவசாயியும் அந்தப் போனுக்கு என்ன பதில் சொல்லியிருப்பான் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. மதிப்பீடு எகிறும், விலை விழும்; பன்னிரண்டுக்குள் விற்றாக வேண்டும்.

மாவுக் கையோடு போனை எடுத்தாள். விரல் பதியவில்லை. என் சட்டையில் துடைத்தாள். தரகரின் போன் இரண்டு முறை பிஸி. மூன்றாம் முறை கிடைத்தவர், ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, முப்பது கணக்கிலேயே விற்றுவிடட்டுமா என்றார். அவரிடமும் அவள் முப்பதுதான் அளந்திருந்தாள். அப்படி விற்றால் இல்லாத சோளத்தை எங்கே போய்க் கொண்டுவருவது? பின்னணியில் பக்கத்து வயல்காரரின் இருமல் கேட்டது. அவரும் தரகர் கடையில்தான் உட்கார்ந்திருந்தார். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இருபத்திரண்டு போடுங்க. அவ்வளவுதான் வரும்."

பிறகு பக்கத்து வயல்காரரின் குரல் கேட்டது: "தங்கச்சியே உண்மையைச் சொல்லிடுச்சு. எனக்குப் பத்தொன்பது போடுப்பா, சீக்கிரம்."

தரகர் விற்று முடித்த கையோடு, பன்னிரண்டு மணிக்கு மதிப்பீடு வந்தது. இதுவரை காணாத அமோக விளைச்சல் என்றது. விலை, மாடிப்படியில் உருண்ட சொம்பு போல இறங்கியது. அக்கா தரையில் உட்கார்ந்து, விக்கல் வரும்வரை சிரித்தாள்.

"அத்தனை பேரும் சேர்ந்து புளுகியிருக்கோம்டா," என்றாள், ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரி.

சாயங்காலம் குத்தகையை உறுதிசெய்துவிட்டு நேரே ஆற்றோர வயலுக்குப் போனோம். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எத்தனை தப்படி என்று எண்ணப்போவதாகச் சொல்லி நடந்தாள். பாதியில் சிரிப்பு வந்து எண்ணிக்கை விட்டுப்போனது. திரும்பி வந்து ஒன்றிலிருந்து தொடங்கினாள். மூன்றாம் முறையும் விட்டுப்போனபோது, என்னை எண்ணச் சொல்லிவிட்டு, கைகளை வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள்.