செவுளுக்குள் போன இரண்டு விரல்

1

இந்தக் கதை எனக்குப் பஸ்ஸில் கிடைத்தது. இங்கே குவைத்தில், ஃபஹாஹீலில் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த ஒருவர் போனில் மூன்றே வாக்கியம் பேசினார். "முதலாளிகூட அமெரிக்காவுக்குப் போனேன். ஆத்துல மீன் பிடிச்சோம். பிடிச்ச மீனத் திரும்பத் தண்ணியில விடணுமாம்." அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். மீதியை நான்தான் கட்ட வேண்டும். மூன்று வாரமாகக் கட்டுகிறேன், சரிகிறது; கட்டுகிறேன், சரிகிறது. ஆத்திரமாக வருகிறது கண்ணுகளா, உங்கள் மேல் இல்லை.

2

முதல் தொடக்கம்: "ஜூலை மாதத்துக் கொதிக்கும் வெயிலில் அந்தப் பெரிய ஆறு பனிக்கட்டியாய்..."

அடித்துவிட்டேன். வெயில் கொதிக்கும்போது ஆறு எப்படிம்மா ஜில்லென்று இருக்கும் என்று ஜலஜா கேட்டாள். (வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பிளாட்டுக்குக் கதை கேட்க வருகிற ஐந்து பேரில் கேள்வி கேட்கிறவள் அவள்.) விசாரித்தேன். மேலே பெரிய அணை. அதன் அடிமட்டத்திலிருந்து தண்ணீர் திறக்கிறார்கள். வெயிலே பார்க்காத தண்ணீர். கோடையிலும் கால் மரத்துப்போகும். அந்தக் குளிரில்தான் டிரவுட் என்கிற புள்ளிபோட்ட மீன் வாழும்.

"குழம்புக்கு ஆகுமாம்மா?"

ஆகாது என்றேன்.*

* ஆகும். பேச்சை முடிக்க வேண்டியிருந்தது.

3

மரியராஜ். வயது ஐம்பத்திரண்டு. கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். குவைத்தில் பதினெட்டு வருஷமாக ஒரே கஃபீலின், அதாவது விசா கொடுத்த முதலாளியின், மீன்பிடிப் படகை ஓட்டினவன். மனைவி ஜெபகனி நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்து, இருவரும் ஒரே ரூமில் இருப்பது இந்த இரண்டு வருஷமாகத்தான்.

கஃபீலுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. படகை விற்றுவிட்டு இந்தப் புது மீன்பிடியில் இறங்கினார். இரை கிடையாது. இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றி, பூச்சி மாதிரி ஆக்கி, தண்ணீர்மேல் வீச வேண்டும். பக்கத்தில் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்று மரியராஜைக் கூட்டிப்போனார். பிளேனிலேயே சொல்லிவிட்டார்: "உன் விசா செப்டம்பரில் முடிகிறது. நாம் போகிற இடத்தில் ஒரு மீன்கூட நம் கையில் சாகக் கூடாது, அங்கே அது சட்டம். கற்றுக்கொண்டால் என்னோடு இரு. செத்தால் கலாஸ், முடிந்தது, ஊருக்குப் போ."

அங்கிருந்து அவன் போன் செய்தான்.

"பிள்ளே, கொக்கியில மீன் நழுவாம பிடிக்கிற எதிர்முள்ளே இல்ல. பிடிச்சா திங்கவும் கூடாது. இந்த மனுஷனுக்கு என்ன கோளாறு? நீ நர்ஸுதானே, சொல்லு."

"அவருக்குக் கோளாறு இருந்தா இருக்கட்டும். நீங்க சொன்னத மட்டும் செய்துட்டு வாங்க. எனக்குத் தனியா ரூம்ல இருக்கப் பிடிக்கல."

4

பதினோரு நாள் ஒன்றும் சிக்கவில்லை. (இங்கே மூன்று பக்கம் மலை, மேகம் என்று எழுதியிருந்தேன். நான் பார்க்காத மலை. கிழித்துப் போட்டேன்.)

பன்னிரண்டாம் நாள் காலை கஃபீலின் தூண்டில்கோல் வளைந்தது. மரியராஜ் இடுப்பளவு தண்ணீரில் கைவலையோடு நின்றான். முழங்கை நீளத்துக்கு மேல் மீன். வலைக்குள் வந்துவிட்டது. ஈரக்கையால் வயிற்றைத் தாங்க வேண்டும், தண்ணீரை விட்டு வெளியே எடுக்கக் கூடாது என்று அந்த ஊர் வழிகாட்டி தினமும் காட்டிக்கொடுத்திருந்தான். மரியராஜ் குனிந்து, மெதுவாக, இரண்டு கையையும்...

இல்லை. முப்பது வருஷம் கடல்மீன் தூக்கின கை அது. இரண்டு விரல் செவுளுக்குள் போய்விட்டது. மீன் மேலே வந்துவிட்டது. கிழிந்த செவுளிலிருந்து ரத்தம் மணிக்கட்டுக்கு இறங்கியது.

"ஏன்யா இப்படிச் செய்தாய்?" என்று காகிதத்தைத் திட்டினேன். அடித்துவிட்டு, ஒழுங்காகத் தாங்கினான் என்று எழுதிப் பார்த்தேன். அப்படித் தாங்கினவனை எனக்கு யாரென்றே தெரியவில்லை. விரலைத் திரும்பச் செவுளுக்குள்ளேயே விட்டேன்.

5

மீனைத் தண்ணீரில் வைத்தான். புரண்டு வயிற்றைக் காட்டியது. நிமிர்த்தி, ஓட்டத்துக்கு எதிரே தலையைக் காட்டிப் பிடித்துக்கொண்டான். வழிகாட்டி கஃபீலைக் கைத்தாங்கலாகக் கரையேற்றினான். அப்போது அணையில் சங்கு ஊதியது. தண்ணீர் திறக்கப்போகிறார்கள், எல்லாரும் வெளியேற வேண்டும்.

"மரியா, யல்லா. யல்லா."

"வாறேன் பாபா."

வரவில்லை. தண்ணீர் இடுப்பிலிருந்து விலாவுக்கு ஏறியது. செவுள் ஒருமுறை மூடித் திறந்தது மாதிரி இருந்தது. அது மீனா, ஓட்டம் இழுத்ததா, மரத்த விரலுக்குப் பிடிபடவில்லை.

"எளவு மீனே, அசையேன். ஒனக்குச் சோறா ஊட்ட முடியும்?"

காலடிக் கல் உருண்டது. தண்ணீர் கலங்கிவிட்டது. இனி நின்றால் அவனையும் இழுத்துப்போகும். கையை விரித்தான். ஒன்றும் தெரியவில்லை. நீந்திப் போனதா, அடித்துக்கொண்டு போனதா, ஒன்றும்.

6

கரையில் கஃபீல் கேட்டார்: "மச்லி ஜிந்தா?" மீன் உயிரோடு இருக்கிறதா என்று.

முடிவு ஒன்று. "தெரியாது பாபா." எழுதி வாசித்தேன். ஜலஜா மூக்கைச் சிந்தினாள். "ரெண்டே வருஷம் குடுத்தீங்க. அதையும் பிடுங்கணுமா?" அடித்தேன்.

முடிவு இரண்டு. "ஜிந்தா, பாபா." இதற்குப் பத்மா, ஐந்து பேரில் அதிகம் பேசாதவள், சொன்னாள்: "அதை அவர் சொல்லலம்மா. நீங்க சொல்ல வச்சீங்க." அடித்தேன்.

முடிவு மூன்று. தூரத்தில் மீன் ஒரு துள்ளுத் துள்ள, எல்லாரும்... வெட்கமாக இருக்கிறது. அடித்தேன்.

என்னால் ஆகாது. பத்மா சொன்னது சரி. நான் ஜெபகனியோடு மூன்று வாரம் இருந்துவிட்டேன். டூட்டி முடிந்து வந்து அவள் கதவைத் திறக்கும் சத்தம்கூட எனக்குத் தெரியும். விட்டால் மரியராஜை எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்ல வைப்பேன். அவள் பேசி நீங்கள் கேட்டது ஒரே ஒரு தடவை. அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அவன் கரையில் நிற்கிறான். உடுப்பெல்லாம் தண்ணீர் சொட்டுகிறது, பல் கிடுகிடுக்கிறது. கஃபீல் இரண்டாம் தடவையும் கேட்டுவிட்டார். வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்க்கிறான். நான் பேனாவை மூடிவிட்டேன். சீக்கிரம் சொல்லுங்கள், அவனுக்குக் குளிருகிறது.