தேயர் மேஸ்திரிக்கு எதிராக ஒரு சொல்

...குடித்திருந்தார், அவ்வளவுதான், ஒரே சொல், சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம், மேனேஜர் அறை வாசலில் இந்த பெஞ்சில் உட்கார்ந்து எவ்வளவு நேரமாயிற்று, கீழே தறிகள் ஓடுகிற அதிர்வு பலகை வழியாக முதுகில் ஏறுகிறது... நேற்று டார்க்கஸின் கூந்தலை அவள் தறியை ஓட்டும் பெல்ட் இழுத்துக்கொண்டபோது தேயர் மேஸ்திரி குடித்திருந்தாரா என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவளுக்கு அடுத்த தறி என்னுடையது, முழுதாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அவர் குடித்திருக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஓடி வந்து வெறுங்கையால் பெல்ட்டைத் தள்ளிவிட்டார், உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது, அந்தக் கையோடு அவளை மடியில் கிடத்திக்கொண்டு, "ஒண்ணுமில்ல தாயி, நான் புடிச்சிருக்கேன், ஒண்ணுமில்ல" என்றார்... இருக்கட்டும். என் லோவினாவிடம் யார் வந்து ஒண்ணுமில்ல தாயி என்றார்கள்?

லோவினா என் தங்கை, வெர்மான்ட் மலையிலிருந்து நான்தான் அழைத்து வந்தேன், அம்மாவிடம் நான்தான் பொறுப்பு என்றேன், மில் விடுதியில் ஒரே கட்டிலில் படுத்தோம், அவள் கால் எப்போதும் சில்லென்றிருக்கும், என் கால்களுக்கு நடுவே நுழைத்துக்கொள்வாள்... பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று மனு எழுதி விடுதி விடுதியாகக் கையெழுத்து வாங்கினாள், கொஞ்சம் அடங்கியிருடி என்றேன், "நெஞ்சுல பஞ்ச அடைக்க நான் என்ன தலகாணியாக்கா?" என்று சிரித்தாள், சிரிப்பிலேயே இருமல் வந்தது. மறு வாரம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். நடத்தை சரியில்லையாம். "உங்க மேஸ்திரியே சொல்லிட்டார்மா" என்றாராம். நன்னடத்தைச் சீட்டு இல்லாமல் வெளியேற்றினார்கள், சீட்டு இல்லாதவளுக்கு இந்த ஆற்றங்கரையில் எந்த மில் கதவு திறக்கும், ஒரு சலவைக் கூடத்தில் ஈரத்திலேயே நின்றாள், மார்ச் மாதக் காய்ச்சலில் போய்விட்டாள், இருபது வயது... இரண்டு வருடமாக அந்த மனிதனின் முதுகைப் பார்த்துக்கொண்டே நெய்கிறேன், ஒவ்வொரு இழைக்கும் ஒரு சாபம். ஒருமுறை பக்கத்தில் வந்து, "ரூஹாமா, உன் தங்கச்சி விஷயமா..." என்று இழுத்தார், சட்டென்று தறியை ஓட விட்டேன், சத்தத்தில் அவர் வாய் மட்டும் அசைந்தது, மீன் மாதிரி. இன்றைக்கு என் முறை. பொய் என்றால் பொய்யாகவே இருக்கட்டும். உன் நடத்தையையும் ஊர் பேசட்டும், உனக்கும் எந்தக் கதவும் திறக்காமல் போகட்டும்...

கூப்பிட்டார்கள். தேயர் கையில் கட்டோடு ஜன்னலோரம் நின்றார், நான் அவரைப் பார்க்கவில்லை, மேனேஜரின் மோதிரத்தைப் பார்த்தேன்.

"பயப்படாம சொல்லும்மா. மேஸ்திரி மேல வாடை அடிச்சுதா?"

"அடிச்சுது ஐயா."

"குடிச்சிருந்தாரா?"

"குடிச்சிருந்தார்."

"ரூஹாமா..." என்றார் தேயர், மேனேஜர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, எப்போது, எவ்வளவு, வேறு யார் பார்த்தார்கள், நைந்துபோன அந்த பெல்ட்டை ஏன் மாற்றவில்லை, ஒன்றுமில்லை, எல்லாவற்றுக்கும் பதில் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தேனே... "போதும்மா, தறியப் போய்ப் பாரு" என்று மேஜைமேல் கிடந்த தாளைத் தேயர் பக்கம் நகர்த்தினார். எனக்குப் படிக்கத் தெரியும் என்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. தேயரின் பெயர், குடிபோதையால் வேலை நீக்கம், கீழே கையெழுத்து, நேற்றைய தேதி. மை காய்ந்தே போயிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எழுதிவிட்டார்கள்... அப்படியானால் என் சொல் எதற்கு, அப்படியானால் லோவினாவின் தாளும்... உங்க மேஸ்திரியே சொல்லிட்டார் என்று சொன்னது மேனேஜர்தானே, தேயர் வாயால் அதை யார் கேட்டோம், நானா, அவளா? படியில் கால் நின்றுவிட்டது. பின்னால் தேயர் இறங்கி வருகிறார், மெதுவாக, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், பதில் சொல்லிவிடுவார்... நான் சுவரோடு ஒட்டி அவருக்கு வழி விட்டேன்.