ஆறு கோர் போதும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின், மாதா கோயில் மண்டபத்துத் தேத்தண்ணீர் வரிசையில் தொடங்கியது.

முன்பு மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தவன் நான். இப்போது கதை எழுதுகிறேன். வருமானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் எங்கள் ஆட்கள் என்னைக் கண்டால் கதையைப் பற்றிக் கேட்பதில்லை. லப்டொப் சூடாகிறது என்றுதான் தொடங்குவார்கள். அன்று ஒரு பெண் கேட்டாள்.

"அண்ணை, குடுக்கிற காசுக்கு நல்ல புறொசெசர் எது?"

"மகனுக்கோ?"

"ஓம், படிப்புக்கு."

நான் பதில் சொல்லுமுன்பே அடுத்த கேள்வி வந்தது. "அதைப் போட்டால் செக்கனுக்கு நூற்றிநாற்பது பிறேம் வருமோ?"

எனக்குத் தெரிந்து எந்தப் பாடப்புத்தகமும் செக்கனுக்கு நூற்றிநாற்பது படம் ஓடுவதில்லை. அந்த வேகத்தைக் கேட்பவர்கள் கேம் விளையாடுகிறவர்கள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தேத்தண்ணீரைப் பார்த்தாள். பிறகு யாரோ கூப்பிட, போய்விட்டாள். எனக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கங்கள்.

*ரொக்ஸ்பரோவில் அன்று பனி முழங்காலளவு —* வேண்டாம். மொன்றியலில் எழுதப்படும் தமிழ்க் கதைகளின் முதல் வரியில் வேண்டிய அளவு பனி பெய்துவிட்டது. இது யூன் மாதத்தில் நடக்கிறது. எல்லோருக்கும் வியர்க்கிறது.

*டினோஜனுக்குக் கேம் என்றால் உயிர். அவனுடைய அம்மா செலீனுக்கோ —* இதுவும் வேண்டாம். ஆனால் இதை இரண்டு பக்கம் எழுதியபிறகுதான் நிறுத்தினேன். மகன் விளையாடுகிறான், அம்மா கவலைப்படுகிறாள். எழுத எழுதச் சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் சந்தேகத்தைக் கிளப்பியது. நூற்றிநாற்பதைக் கேட்டது மகன் இல்லையே. கிழித்துப் போட்டேன். (கிழிக்கவில்லை, டிலீட் செய்தேன். கிழித்தேன் என்றால் எழுத்தாளன் மாதிரி இருக்கிறது.)

*செலீனுக்கு நாற்பத்தொன்பது வயது. பூதம் வேட்டையாடுவது அவளுக்குப் பிடிக்கும்.*

இது இருக்கட்டும்.

3

செலீன் டவுன்டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுப்பவள். கணவன் றெனோல்ட், பதினெட்டு வயது மகன் டினோஜன், ரொக்ஸ்பரோவில் வீடு. மூன்று வருடங்களுக்கு முன் டினோஜன் கழித்துவிட்ட பழைய லப்டொப்பில் தற்செயலாக ஒரு கேமைத் திறந்தாள். நான்கு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து பூதம் அடிக்கும் கேம். மற்ற மூவரும் எந்த ஊர், எந்த நாடு என்று அவளுக்குத் தெரியாது. அவர்களுக்கு அவளுடைய பெயர் முரல். மன்னாரில் அவள் விரும்பிச் சாப்பிட்ட, கூர்மூக்கு மீனின் பெயர்.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேஸ்மென்டில் இருப்பவள் இணையத்தில் செபமாலைக் குழுவோடு சேர்ந்து செபிக்கிறாள் என்று றெனோல்ட் நம்பியிருந்தான். அவள் அப்படிச் சொன்னதில்லை. மறுத்ததும் இல்லை.

பிரச்சினை என்னவென்றால், பூதம் பாயும் நேரம் பார்த்து லப்டொப் உறைந்துவிடும். படம் திரும்பி வரும்போது முரல் செத்துக் கிடக்கும். போன கிழமை அணியில் ஒருவன் எழுதினான்: நல்ல மெஷின் எடு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறோம். அதை வாசித்த அன்று செலீன் வேலையில் யாரோடும் கதைக்கவில்லை. (இதெல்லாம் ஒரு கவலையா என்கிறீர்களா? உங்களைக் கிரிக்கெட் டீமில் இருந்து நிற்பாட்டிய நாளை நினைத்துப் பாருங்கள்.)

ஆகவே புதுக் கம்ப்யூட்டர் வேண்டும். அவள் உழைத்த காசுதான். ஆனாலும் வீட்டில் அவள் சொன்னது, "டினோஜன்ர படிப்புக்கு." எங்கள் வீடுகளில் பெரிய சாமான் எல்லாம் அந்த வாசலால்தான் உள்ளே வரும். பியானோ வந்தது படிப்புக்கு. இரண்டாவது கார் வந்தது படிப்புக்கு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சுவரளவு டீவி வந்தது. அதுவும் பிள்ளை செய்தி பார்த்துப் பிரெஞ்சு பழகத்தான். இதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. முறை என்று நினைக்கிறோம்.

4

கொஞ்சம் பொறுங்கள், புறொசெசரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விருப்பமில்லாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

புறொசெசர் கணக்குப் பார்க்கும்; கிராஃபிக்ஸ் கார்ட் படம் வரையும். பெரும்பாலான கேம்களுக்கு நடுத்தர விலையில் ஆறு கோர் உள்ள புறொசெசர் தாராளம். அதாவது, கணக்குப் பார்க்க உள்ளே ஆறு பேர். மிஞ்சும் காசைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடுகிறவன்தான் கெட்டிக்காரன். பதினாறு கோர் எல்லாம் வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும் பெரிய கணிப்பு வேலை செய்கிறவர்களுக்கும். ஒரு சட்டி சோறு வடிக்கக் குசினிக்குள் பதினாறு பேரை விடத் தேவையில்லை.

செலீனுக்கு இது தெரியும். ஆனால் படிப்புக்கு என்று சொல்லிவிட்டாளே. படிப்புக்கு என்றால் கிராஃபிக்ஸ் கார்ட் எதற்கு? படிப்புக்கு என்றால் மூளைதானே பெரிதாக இருக்கவேண்டும்? அவள் சொன்ன பொய்க்குப் பொருத்தமான கம்ப்யூட்டர் ஒன்று, அவளுக்கு வேண்டிய கம்ப்யூட்டர் இன்னொன்று. பொய்யைக் காப்பாற்றினால் பூதத்திடம் சாகவேண்டும்.

5

இவ்வளவும் எழுதியபின், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுமலருக்குக் கதை கேட்டிருந்த அரியரத்தினத்துக்கு வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த மனிசி ஏன் கேம் விளையாடுறா? ஒரு காரணம் வேணுமெல்லோ? ஊரில நடந்த சண்டைக்க ஆரையும் இழந்தவவோ?"

"இல்லை."

"புருசன் குடிக்கிறவரோ?"

"இல்லை, நல்ல மனுசன்."

"அப்ப என்னத்துக்கு விளையாடுறா?"

"பிடிச்சிருக்கு."

"அதைச் சனம் நம்பாது ஐசே."

டினோஜன் விளையாடியிருந்தால் அவர் காரணம் கேட்டிருக்கமாட்டார். பதினெட்டு வயதுப் பெடியனுக்குப் பிடித்திருந்தால் போதும். நாற்பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு சாவாவது இருக்கவேண்டும். தரமாட்டேன். அவளுடைய ஆட்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள். இந்தக் கதையில் சாவது பூதங்களும் இடைக்கிடை முரலும் மட்டும்தான். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது, அந்தக் கோபத்தில்தான் மிச்சத்தை எழுதுகிறேன்.

6

ஞாயிறு மத்தியானம், சாப்பாடு முடிந்திருந்தது. செலீனின் அக்கா றொசானாவும் அத்தான் பற்றிக்கும் வந்திருந்தார்கள். பற்றிக்குக்கு ஒரு வங்கியில் மென்பொருள் வேலை. மென்பொருள் செய்கிறவருக்கு வன்பொருளும் அத்துப்படி என்பது எங்கள் சனத்தின் அசைக்கமுடியாத நம்பிக்கை.*

(*முழங்கால் நோவுக்குப் பல் வைத்தியரிடம் போகிறவர்கள் நாங்கள். அவரும் டொக்டர்தானே.)

செலீனின் லப்டொப் சாப்பாட்டு மேசையில் இருந்தது. கம்ப்யூட்டர் கடையின் இணையத்தளத்தில் அவள் தேர்ந்து வைத்திருந்தவற்றை அத்தான் பற்றிக் திருத்திக்கொண்டிருந்தார்.

"ஆறு கோர் காணாது பிள்ளை. படிக்கிற பெடியன். பதினாறு போட்டிருக்கிறன். வாங்கிறதெண்டா திறமா வாங்கவேணும்."

"விலை கூடுதெல்லோ அத்தான்?"

"அதுக்குத்தானே கிராஃபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டனான். அது கேம் விளையாடுறவைக்கு. படிப்பைக் கெடுத்துப்போடும்."

"அது சரியான கதை," என்றான் றெனோல்ட்.

சோபாவில் கிடந்த டினோஜன் போனிலிருந்து தலையை எடுக்காமலே, "நோன் மெர்சி, எனக்கு ஒண்டும் வேணாம். என்ர லப்டொப் காணும்," என்றான். யாரும் பொருட்படுத்தவில்லை. அவனுடைய படிப்பைப் பற்றிப் பேசும்போது அவனுக்கு அங்கே என்ன வேலை?

"அப்ப ஓடர் பொத்தானை அமத்தட்டோ?" என்று கேட்டார் பற்றிக்.

இந்த இடத்தில் நான் செலீனை நம்பவில்லை. பேசாமல் இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். அப்படி ஒரு பந்தியும் எழுதினேன். *அவள் குசினிக்குள் போனாள். கேத்தில் கொதிக்கும் சத்தத்தில் அவளுடைய பெருமூச்சு* — சீ. அழகாக வேறு இருந்தது. எடுத்துவிட்டேன்.

செலீன் லப்டொப்பைத் தன் பக்கம் திருப்பினாள். பதினாறை நீக்கி ஆறைப் போட்டாள். கிராஃபிக்ஸ் கார்டைத் திரும்பச் சேர்த்தாள். முன்பு தேர்ந்ததைவிட ஒரு படி மேலானது.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"அத்தான், இது டினோஜனுக்கு இல்லை. எனக்கு. கேம் விளையாட. ஆறு கோர் போதும்."

றொசானாதான் முதலில் வாய் திறந்தாள். "உனக்கென்னடி விசரே? ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"செலீன் கேம் விளையாடுறாள் எண்டு சொல்லுவினம். உண்மைதானே அக்கா."

சொல்லிக்கொண்டே பொத்தானை அமத்தினாள். ஓடர் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. பற்றிக்குக்கோ அக்காவுக்கோ அவள் பயப்படவில்லை. இருபத்திரண்டு வருடம் கூட இருந்தவன் தன்னை யாரோ ஒருத்தியைப் போலப் பார்த்துவிடுவானோ என்று பயந்தாள். றெனோல்டைப் பார்த்தாள்.

"அப்ப... கீழ இருந்து செபமாலை சொன்னது?"

"அது செபமாலை இல்லையப்பா. பூதம் அடிச்சனான். மூண்டு வருசமா."

றெனோல்ட் வாயைத் திறந்தான்.

7

அ) "எனக்கும் ஒருக்காக் காட்டுமன்," என்று சிரித்தான். — மேடையில் வாசித்தால் கைதட்டு விழும். றெனோல்டுக்கு இவ்வளவு மலிவாக நல்ல பெயர் வாங்கிக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

ஆ) "கான்சல் பண்ணு," என்றான். அவள் பண்ணினாள். — அரியரத்தினம் அன்றைக்கே அச்சுக்கு அனுப்புவார்.

இ) ஒன்றும் சொல்லாமல் பேஸ்மென்டுக்கு இறங்கிப் போனான். சற்று நேரத்தில் கீழே மேசை இழுத்துப்போடும் சத்தம் — இதை எழுதும்போது எனக்கே தொண்டை அடைத்தது. ஆகவே இதையும் நம்பமாட்டேன்.

ஈ) றெனோல்ட்

இல்லை, போதும். மூன்றையும் திரும்ப வாசித்துப் பாருங்கள். ஒருத்தி தன் காசில் தனக்கு ஒரு சாமான் வாங்கினாள். அந்தக் கதையை அவள் புருசன் சொல்லப்போகும் ஒரு சொல்லில் கொண்டுவந்து தொங்கவிட்டிருக்கிறேன். நீங்களும் அந்தச் சொல்லுக்காகத்தான் இவ்வளவு நேரமும் இருக்கிறீர்கள்.

அவன் வாய் திறந்தபடி இருக்கட்டும். அதற்குள் உங்கள் வீட்டில் என்ன சொல் வருமோ, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏசலாம், சிரிக்கலாம், எழும்பிப் போகலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒன்றை மட்டும் தொட விடமாட்டேன். பெட்டி புதன்கிழமை வருகிறது, செலீனின் பெயருக்கு.