அடுப்படியில் நின்ற வாளி

படுத்தே கிடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது, தண்டனை கொடுத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. தேயிலைக் கொழுந்து மலையில் எல்லோருக்கும் முன்னால் என் நிரையைப் பறித்து முடிக்கிறவள் நான். இப்போது ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு கலைந்துவிட்டன. இரண்டாவது, தண்ணீர் பிடிக்கும் பீலியிலிருந்து வாளியைத் தூக்கி வந்த அன்றைக்கு.

பத்தே நாளில் எங்கள் லயத்து வரிசை வீட்டின் சுவரோடு சண்டை பிடிக்கத் தொடங்கினேன். தொல்லை தாங்காமல் என் வீட்டுக்காரர் றொக்சன் ஹட்டன் டவுனுக்குப் போய்க் கண்ணாடித் தொட்டியும் ஐந்து தங்கமீனும் வாங்கி வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதப் பாத்துக்கிட்டுச் சும்மா கிட, ஜெனி."

"தண்ணி ஊத்தி ஒரு வாரம் வச்சிட்டுத்தான் மீன விடணும்னு கடக்காரரு சொன்னாருன்றீங்க. பின்ன ஏன் இன்னைக்கே கொண்டாந்தீங்க?"

"ஒரு வாரத்துக்கு ஒன்னைய யாரு சமாளிக்கிறது?"

கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. கடைக்காரர் வேறு சிலவும் சொல்லியிருந்தார். ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி போதும். தண்ணீர் கலங்கினால் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீரை ஊற்ற வேண்டும். அதற்காகவே அடுப்படியில் ஒரு வாளி எப்போதும் நிரம்பி நின்றது.

ஆனால் எங்கள் லயத்தில் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. இப்போது மீனுக்கும் பங்கு வந்துவிட்டது. அடுத்த வீட்டு நாகலெட்சுமி அக்கா ரொட்டியைப் பிய்த்துப் போட்டார். கோடியிலுள்ள காம்பரா வீட்டு லோஜினி பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டாள். போடாதீங்க என்றால், "வாயில்லாத ஜீவன், பசிக்காதா? புள்ளைக்கு நல்லது" என்றார் அக்கா. பிள்ளைக்கு நல்லது என்று சொன்ன பிறகு நான் எப்படித் தடுப்பேன்? அந்த ஆசை எனக்கும் இருந்தது.

நாலாம் நாள் றொக்சன் வேலைக்குப் போன பிறகு தண்ணீர் கஞ்சியாகிவிட்டது. அன்று பகல் அடித்த காற்றில் எங்கேயோ கம்பி அறுந்து கரண்ட் போனது. தொட்டிக்குள் காற்று விடுகிற மோட்டார் நின்றது. ஐந்து மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

றொக்சனுக்குப் போன் எடுத்தேன். அவர் வேலை செய்யும் தேயிலை ஃபாக்டரிக்குள் போன் வைத்திருக்க விடமாட்டார்கள். அடித்து அடித்து ஓய்ந்தது. பெண்கள் மலையிலிருந்து இறங்க நாலரையாகும். "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தினேன். நாய்தான் குரைத்தது.

வாளிக்கும் எனக்கும் பத்து அடிதான். செம்பால் மொண்டால் பாரமில்லை என்று மனம் சொன்னது. போன தடவையும் பாதி வாளிதானே என்றுதான் தூக்கினேன். ஒரு காலைக் கீழே வைத்தேன். சிமெந்துத் தரை சில்லென்றது. காலை மேலே இழுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பார்த்துக்கொண்டு கிடந்ததுதான். பாவமாக இருந்தது. என்மேலேயே வெறுப்பாக இருந்தது. கைகள் இரண்டையும் வயிற்றில் கோத்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க" என்று மீன்களிடம் சொன்னேன். முதல் மீன் சாய்ந்தபோது முகத்தைத் திருப்பவில்லை. அப்புறம் இன்னும் இரண்டு சாய்ந்தன.

நாலு மணிக்கு றொக்சன் வந்தார். வாசலிலிருந்தே தொட்டியைக் கண்டார். முகம் வெளுத்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அடுப்படிக்கு ஓடினார்.

"என்னாங்க?" என்றேன்.

"வாளி வச்சபடியே இருக்கு, ஜெனி. நீ தூக்கல."

அவர் அழுதுகொண்டிருந்தார். பிறகு அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு, மிச்சமிருந்த இரண்டு மீன்களிடம் வந்தார்.