நாற்பத்து நாலாம் நம்பரின் முன்பற்கள்

பின்லாந்தில் எங்கள் ஊரான ஹவுக்கிவாராவில் இருபதாயிரம் பேர் இருக்கிறோம். ஐஸ் ஹாக்கி அரங்கில் மூவாயிரத்து இருநூறு பேர்தான் உட்கார முடியும். மீதிப் பேர் வீட்டில் இருந்தாலும் ஹில்க்கா கத்துவது கேட்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் மிகை. ஏரி உறைந்த பிறகு, காற்று தெற்கிலிருந்து அடித்தால் மட்டும் கேட்கும்.

ஹில்க்கா ரவுத்தபுரோ என் சிநேகிதி. பதினெட்டு வருடமாக ஏழாவது வரிசையில், எங்கள் அணியின் பெஞ்சுக்கு நேர் பின்னால், என் பக்கத்து இருக்கை அவளுடையது. நான் பஸ் ஓட்டுகிறேன். அவள் பல் கட்டுகிறாள். தபால் அலுவலகத்துக்குப் பின்னால் அவளுடைய பல் செய்யும் கூடம். அங்கே போய்ப் பார்த்தால் வேறு ஆள். வெள்ளை அங்கி, மூக்கு நுனியில் கண்ணாடி, மூச்சுவிடும் சத்தம்கூட வராது. ஒரு பல்லை எட்டு தரம் உரசி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒன்பதாவது தரம் உரசுவாள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு அரங்கில் விளக்குப் போட்டதும் அந்த ஹில்க்கா காணாமல் போய்விடுவாள்.

எங்கள் அணிக்கு நீர்நாய்கள் என்று பெயர். ஆடுகிறவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் ஹில்க்காவுக்கு முடிவான கருத்து உண்டு. பந்துக்குப் பதிலாக வரும் ரப்பர் வட்டைத் தடுக்க வேண்டிய கோல் கீப்பர் வெர்னேரி, ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு கம்பங்களையும் தட்டி, குனிந்து ஏதோ முணுமுணுப்பான். "கம்பத்துக்கிட்ட இவ்ளோ பேசுறியே, அந்த வட்டுகிட்ட ஒரு வார்த்தை பேசேன்டா! உள்ள வராதேன்னு சொன்னா போதும்!" என்பாள். கேப்டன் இலாரிக்கு முப்பத்தேழு வயது. பனிக்கட்டியைப் பார்த்தபடியே மெல்லச் சறுக்குவார். "வீட்டுச் சாவியத் தொலைச்சிட்டாரு, பாவம். தேடட்டும்." ஆனால் வேறு யாராவது இலாரியைக் குறை சொன்னால் ஹில்க்கா திரும்பிப் பார்க்கும் பார்வையில் அவர்கள் கையிலுள்ள தொத்திறைச்சி ஆறிப்போகும். டெவின் என்று ஒரு கனடாக்காரன். பார்க்க லட்சணமாக இருப்பான், வேகமும் உண்டு, யாராவது பக்கத்தில் தும்மினால் விழுந்துவிடுவான். "விழுறது அழகுதான். எழுந்திருக்கறதுக்குள்ள பனி உருகிடும்டா, எந்திரி!"

அவள் அதிகமாகத் திட்டியது ஓஸ்குவை. தடுப்பாட்டக்காரன், நாற்பத்து நாலாம் நம்பர். இரண்டு மீட்டர் உயரம், நூற்றுப் பத்து கிலோ, இருபத்து நான்கு வயது. அவன் பனியில் இறங்கினாலே ஹில்க்கா எழுந்து நின்றுவிடுவாள்.

"டேய் அலமாரி! கதவச் சாத்துடா! வர்றவன் போறவன் எல்லாம் உள்ள பூந்து போறான்!"

மூன்று வருடமாக இது நடந்தது. அவனும் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, எதிரணிக்காரனின் மட்டை ஓஸ்குவின் வாயில் பட்டது. மேல்வரிசை முன்பல் இரண்டும் போய்விட்டன. ஒன்றை அவனே குனிந்து தேடி எடுத்துக் கையுறைக்குள் போட்டுக்கொண்டான்.

"பல்ல அப்புறம் பொறுக்கலாம், ஆளப் பிடிடா!" என்று ஹில்க்கா கத்தினாள். அவள் தொழிலில் இருப்பவள் சொல்லக் கூடாத வார்த்தை அது. சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் என் பஸ்ஸுக்கு நாற்பது நிமிட இடைவேளை. காப்பி குடிக்கலாம் என்று அவள் கூடத்துக்குப் போனேன். நாற்காலியில் ஓஸ்கு உட்கார்ந்திருந்தான். நாற்காலி என்று ஒன்று கீழே இருப்பது தெரியவில்லை. பல் மருத்துவர் அளவெடுத்து அனுப்பியிருந்தார், நிறம் பார்ப்பது மட்டும் பாக்கி. ஹில்க்கா மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக அவன் வாயருகே பிடித்து, "கொஞ்சம் திறங்க... இன்னும் கொஞ்சம்... போதும்," என்று பட்டுத்துணி மாதிரி பேசிக்கொண்டிருந்தாள். முகம் மட்டும் தக்காளி நிறம். அவன் யாரென்று அவளுக்குத் தெரியும். அவள் யாரென்று அவனுக்குத் தெரியாது.

நான் காப்பிக் கோப்பையை எடுக்கத் திரும்பினேன். என் குளிர்கோட்டு மேசையில் இருந்த ஒரு தட்டில் சிக்கியது. அதில் யாரோ ஒரு பாதிரியாருடைய முழு பல் செட்.

"பிடிடா!" என்று ஹில்க்கா கத்தினாள்.

என்னைப் பார்த்துத்தான் கத்தினாள்; பெண்ணான எனக்கும் அரங்குப் பழக்கத்தில் 'டா' வந்துவிட்டது. நான் பிடிக்கவில்லை. ஓஸ்குதான் நாற்காலியிலிருந்து பாய்ந்து, தரையில் சறுக்கிப் போய், பாதிரியாரின் பற்களை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு, படுத்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ஏழாவது வரிதை!" என்றான். பல் போனதிலிருந்து 'ச', 'ஷ', 'ஜ' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'த' வந்தது. "நீங்கதான் அந்த ஏழாவது வரிதை! மூணு வருதமா கேக்குறேன்!"

ஹில்க்கா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அது வந்து... பொதுவா எல்லாரையும் சொல்றதுதான்..."

"அலமாரின்னு என்னைய மட்டும்தான் தொல்றீங்க."

"பெரிய அலமாரின்னு அர்த்தம். நல்ல மரத்துல செஞ்சது," என்றேன் நான், உதவி செய்வதாக நினைத்து.

அவன் எழுந்து வந்து பற்களை மேசையில் வைத்தான். கோபித்துக்கொள்வான் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வெர்னேரியப் பத்தி அன்னிக்கு என்னமோ தொன்னீங்களே, பெஞ்துல பாதிதான் கேட்டுது. முழுதா தொல்லுங்களேன்," என்றான். ஹில்க்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு டெவின், பிறகு கோச்சின் கழுத்துப்பட்டி. என் பஸ் அன்று ஆறு நிமிடம் தாமதம்.

அந்தப் பற்களை அவள் நான்கு நாள் செய்தாள். அவனுடைய பழைய போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடதுபக்கப் பல் ஒரு மயிரிழை சாய்ந்திருந்ததைக்கூட விடாமல் கொண்டுவந்தாள். விளையாடுகிற காலத்தில் நிரந்தரமாகக் கட்டுவதில்லை, கழற்றி மாட்டுகிற வகைதான். ஓஸ்கு மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தான். பிறகு, "சாசேஜ்," என்றான். "சனிக்கிழமை. சவுனா. சந்தோஷம்," என்றான். அவ்வளவு பெரிய உடம்புக்குக் கண் கலங்கிவிட்டது.

கெட்டது அங்கேதான் ஆரம்பம்.

அடுத்த ஆட்டத்தில் ஓஸ்கு சுவரோரம் வட்டுக்காகப் போனான். இரண்டு பேர் அவனை நெருங்கினார்கள். ஹில்க்கா எழுந்தாள். நான் வழக்கப்படி காதைப் பொத்திக்கொண்டேன்.

"பல்லு பத்திரம்!" என்று கத்தினாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?" என்றேன்.

"வாய்ல போட்டிருக்கான், ஓனெர்வா. கழட்டவே மாட்டேங்கிறான். என் பல்லுடி அது."

"அவன் பல்லு."

"நீ எட்டு தரம் உரசிப் பாரு, அப்பத் தெரியும்."

ஆறாவது வரிசை அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு எட்டாவது. அடுத்த ஆட்டத்தில் மேளக்காரர்கள் தாளம் கட்டிவிட்டார்கள். பல்-லு, டம் டம், பத்-தி-ரம். யாரோ படுக்கை விரிப்பில் எழுதித் தொங்கவிட்டார்கள். எதிரணிக்காரர்கள் ஓஸ்குவைக் கடந்து போகும்போது கையால் வாயைப் பொத்திக் காட்டினார்கள். அவனும் ஒவ்வொரு அடிக்கும் கையுறையால் வாயை மூடிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி நின்றான். அப்படி நின்றால் வட்டு போக எவ்வளவு இடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றோம். மார்ச் மாதம் ஒரே ஒரு ஆட்டம் பாக்கி இருக்கும்போது கடைசி இடத்தில் இருந்தோம். அதிலும் தோற்றால் கீழ் லீக்குக்குப் போக வேண்டியதுதான்.

வியாழக்கிழமை மதியம் கூடத்தின் கதவைத் திறந்துகொண்டு கேப்டன் இலாரி வந்தார். கையில் ஒரு பை நிறைய ஏலக்காய் பன். மேசையில் வைத்துவிட்டு, குல்லாவைக் கழற்றிப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஹில்க்கா, ஒரு உதவி கேட்டு வந்தேன்."

"சொல்லுங்க கேப்டன்."

"எங்களத் திட்டணும்."

ஹில்க்கா என்னைப் பார்த்தாள். நான் ஒரு பன் எடுத்துக்கொண்டேன்.

"நெஜமாத்தான் சொல்றேன். முன்னெல்லாம் உங்க சத்தம் கேட்டா பசங்களுக்கு முதுகு நிமிரும். இப்ப அந்தப் பல்லு பாட்டு மட்டும்தான் கேக்குது. சாவியத் தொலைச்சவன்னு என்னைய யாராவது சொல்லி ஒரு மாசம் ஆச்சு. என்னமோ மாதிரி இருக்கு."

"வாய் வரமாட்டேங்குது, கேப்டன். அவனப் பாத்தா பல்லுதான் தெரியுது. ஆட்டத்துக்கு முன்னால கழட்டி வைக்கச் சொல்லுங்களேன். நீங்கல்லாம் கழட்டித்தானே வைக்கிறீங்க?"

"உடை மாத்துற ரூம்ல வைக்கமாட்டானாம். போன வருஷம் நான் என் பல்ல ஒரு டம்ளர் தண்ணில போட்டு வச்சிருந்தேன். டெவின் எடுத்துக் குடிச்சிட்டான்."

"பல்லோடயா?"

"பல்லோடதான். மூணு நாள் கழிச்சுத்தான் திரும்பி வந்துச்சு."

ஹில்க்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றி அவர் வாயை உற்றுப் பார்த்தாள். "இப்பப் போட்டிருக்கறது..."

இலாரி வாயை மூடிக்கொண்டார். குல்லாவைப் போட்டுக்கொண்டு, கையசைத்துவிட்டுப் போய்விட்டார். நான் பன்னைக் கீழே வைத்தேன்.

அன்று சாயங்காலமே ஹில்க்கா ஓஸ்குவுக்குப் போன் செய்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமை ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஓஸ்கு பெஞ்சின் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தான். ஹில்க்கா ஆறு வரிசை இறங்கிப் போனாள். கண்ணாடித் தடுப்புக்கு மேலே அவன் ஒரு சின்ன டப்பியை நீட்டினான். கைக்குழந்தையைக் கொடுப்பது மாதிரி கொடுத்தான். அவள் உள்சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள்.

"இப்பத் திட்டுங்க," என்றான். "தங்கடப்படாதீங்க."

திட்டு உடனே வரவில்லை. முதல் பத்து நிமிடம் அவள் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேளக்காரர்கள் பல்லுப் பாட்டை ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து எதிரணியின் ஒரு குள்ளப் பையன் ஓஸ்குவின் இரண்டு கால்களுக்கு நடுவே வட்டை அனுப்பி, அவனைச் சுற்றிப் போய் மறுபக்கம் எடுத்து, கோலும் போட்டுவிட்டான்.

ஹில்க்கா எழுந்து நின்று, பின்லாந்தின் பெரிய கெட்ட வார்த்தையோடு ஆரம்பித்தாள்.

"பெர்க்கெலே! டேய்! உன்னப் போய் அலமாரின்னு சொன்னேன் பாரு, என்னச் சொல்லணும்! அலமாரிக்காவது கதவு இருக்கும்! நீ துணி காயப்போடுற கம்பிடா! அந்தப் பொடிப்பய தலைகூடக் குனியாமப் போறான்!"

மேளம் நின்றது. மூவாயிரத்து இருநூறு பேரும் ஒரு நொடி மூச்சைப் பிடித்தார்கள். பிறகு எழுந்த சத்தத்தில் கூரையின் பனிக்கட்டி சரிந்து வாசலில் விழுந்தது என்று சொன்னார்கள். ஓஸ்கு ஏழாவது வரிசையைப் பார்த்துச் சிரித்தான். நடுவில் நல்ல அகலமான ஓட்டை. வெர்னேரி முதுகை நிமிர்த்தினான். இலாரி முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து ஆடினார்.

கடைசி நிமிடத்தில் இரண்டுக்கு இரண்டு. அவர்களில் ஒருவன் ஓங்கி அடித்தான். ஓஸ்கு குறுக்கே பாய்ந்தான். வட்டு அவன் பின்பக்கத்தில் பட்டுத் தெறித்து, பாதி மைதானம் தாண்டி டெவினிடம் போனது. டெவின் தனியாக ஓடினான். யாரும் பக்கத்தில் இல்லை, யாரும் தும்மவில்லை. இருந்தும் விழுந்தான். விழுந்தவன் நிற்காமல் சறுக்கிக்கொண்டே போய், வட்டையும் அவர்களுடைய கோல் கீப்பரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வலைக்குள் புகுந்தான். நடுவர்கள் திரையில் ஏழு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அந்த ஏழு நிமிடத்தில் ஹில்க்கா என் வலது கையைப் பிடித்திருந்த பிடியில் திங்கட்கிழமை வரை என்னால் கியர் மாற்ற முடியவில்லை. வட்டுதான் முதலில் கோட்டைத் தாண்டியது என்று கடைசியில் முடிவானது. கோல்!

பிறகு எல்லோரும் எல்லோரையும் கட்டிக்கொண்டார்கள். டப்பியோடு ஹில்க்கா அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டாள். அதற்குள் தொலைக்காட்சிக்காரர்கள் ஓஸ்குவைப் பிடித்துவிட்டார்கள்.

"தெயித்துட்டோம்! ரொம்பத் தந்தோதம்! தனங்களோட தத்தம்தான் காரணம்!" என்றான் நாடு முழுக்கப் பார்க்க. அவன் பின்லாந்துக்காரன், பேசியது எங்கள் மொழி, இருந்தும் இரவுச் செய்தியில் அவனுக்கு அடியில் எழுத்துப் போட்டுத்தான் காட்டினார்கள்.

திங்கட்கிழமை நான் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வடக்கே சொதன்கூலாவிலிருந்து ஓஸ்குவின் அம்மா. குரல் எனக்கே கேட்டது.

"நீங்கதான் என் பையனுக்குப் பல்லு கட்டினதா?"

"ஆமாங்க."

"அப்ப டிவியில ஏன் இல்ல? சொந்தக்காரங்கல்லாம் கேக்குறாங்க."

ஹில்க்கா எல்லாவற்றையும் விளக்கினாள்.

"சரி, பல்ல விடுங்க," என்றாள் அந்த அம்மாள். "நீங்க நேர்ல பாக்குறவங்க, கேக்குறேன். உங்க கோல் கீப்பர் ஏங்க இடது பக்கத்த மட்டும் எப்பவும் தொறந்து போட்டுட்டு நிக்கிறான்?"

ஹில்க்கா கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் கதைய ஏன் கேக்குறீங்க," என்றாள்.