மாடு இறங்கிய வியாழக்கிழமை

ரெகுலா ஹெர்கருக்கு ஓபர்ரீட் என்ற மலையூர் வைத்த பட்டப்பெயர், தனியாகப் பேசுகிறவள். பின்னே என்ன? கதவைச் சாத்திக்கொண்டு, காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பேசினால் ஊர் சும்மா இருக்குமா? ஜெனீவாக்காரர்கள் பிரெஞ்சில் பேசப் பேச, சூரிச் கம்பெனிக்காரர்களுக்கு அதை இன்டர்நெட் வழியே உடனுக்குடன் ஜெர்மனில் சொல்லவேண்டும். அதுதான் அவள் பிழைப்பு. அதை வேலை என்று கீழ்வீட்டு ரோஸ்லி ஸ்கிராகன் ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை.

"பொழுதன்னைக்கும் வீட்லதானே இருக்கே, மாடிப்படியக் கூட்டினா கொறைஞ்சா போயிடுவே?"

"வேலைல இருந்தேன் ரோஸ்லியம்மா."

"உக்காந்து பேசுறதுக்குப் பேரு வேலையா? அப்ப எங்க வீட்டுக்காரரு மகா உழைப்பாளி. பீர்க்கடைல விடிய விடியப் பேசுவாரு."

இருவரும் குடியிருந்த கட்டடத்தைப் பராமரிப்பவள் என்பதால் சாவியெல்லாம் ரோஸ்லியின் இடுப்பில். வீட்டுக்கு ஒரு நாள் என்று ஒதுக்கிய துவைக்கும் முறைநாள் முடிந்தும் கொடியில் ஒரு காலுறை தொங்கினால் போச்சு, வீடு தேடி வந்து மானத்தை வாங்குவாள். நிலவறையில் இருந்த பதுங்கறையும் அவள் பொறுப்புதான். போர் வந்தால் ஒளிய, அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு கட்டியது. மற்ற வீடுகளில் அது ஒயினும் பழைய பனிச்சறுக்குக் கட்டைகளும் போடும் குப்பை அறை. ரோஸ்லியோ அதன் காங்கிரீட் கதவுக்கு வருஷம் தவறாமல் எண்ணெய் போட்டு, ரப்பர் விளிம்பைத் துடைத்து வைப்பாள். உள்ளே அவளுடைய ஆப்பிள் பெட்டிகள். ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கும்.

கோடையில் ஒரு முக்கியமான கூட்டத்தின் நடுவே தேவாலய மணி அடித்துத் தொலைத்தது. "இன்னொரு தடவை இப்படிச் சத்தம் கேட்டா நீ சூரிச்சுக்கே வந்துடணும், இங்க சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டுல உக்காந்துதான் பேசணும்" என்று மேலதிகாரி நாட்யா கறாராகச் சொல்லிவிட்டாள். முன்பு சூரிச்சில் சுவரைப் பார்த்த அறையில் வாழ்ந்த வாழ்க்கை ரெகுலாவுக்கல்லவா தெரியும்! ஜன்னலைத் திறந்தால் மலை நிற்கும் இந்த வீட்டை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை.

வந்தது பாருங்கள் வினை. மலைமேல் திடீரென்று பனி கொட்டிவிட்டது. கோடை முழுக்க மலையில் மேய்ந்துவிட்டு, ஊரே திருவிழாவாகக் கூடி நிற்கச் சனிக்கிழமை இறங்கவேண்டிய மாடுகள் வியாழனே இறங்குகின்றன. கழுத்தில் அண்டா அண்டாவாக மணியோடு, ரெகுலாவின் ஜன்னலுக்கு நேர் கீழே, அவளுடைய அடுத்த பெரிய கூட்டம் நடக்கும் அதே பிற்பகலில்! கூட்டம் முடியும்வரை மாடுகளை நிறுத்திவைக்கச் சொல்லி மந்தைக்காரன் செப்புக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள்.

"மாட்டுக்குத் தலைல பூ வெச்சாச்சு ரெகுலா. இனி எங்க அப்பனே வந்து மறிச்சாலும் நிக்காது" என்று சிரித்தான் செப்.

ரெகுலா படியில் உட்கார்ந்து அழுதாள். துடைப்பத்தோடு வந்த ரோஸ்லி நின்று பார்த்தாள்.

"என்னடி ஆச்சு?"

ரெகுலா ஒன்று விடாமல் சொன்னாள்.

"அப்ப சூரிச்சுக்குப் போயிடுவியா?"

"வேற வழி?"

ரோஸ்லி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "நீ போனா நாய் வளக்கிறவன் எவனாவது குடி வருவான். எந்திரி. உன் இன்டர்நெட் கம்பி எவ்வளவு நீளம்?"

மாடியிலிருந்து படி வழியாகக் கம்பியை இறக்கினார்கள். பதுங்கறைக்குக் காற்று போகும் குழாயின் மூடியை ரோஸ்லியே கழற்றி, கம்பியை உள்ளே விட்டு, சுற்றிலும் கந்தல் துணியைத் திணித்தாள். ஆப்பிள் பெட்டிமேல் மடிக்கணினி ஏறியது. "மூச்சு முட்டினா கதவத் தட்டு" என்று சொல்லிவிட்டு, கனத்த கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

மாடுகள் வந்தன. தெரு அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. உள்ளே ஒரு ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை. ரெகுலா பேசினாள். அப்படி ஒரு பேச்சு அவளுக்கே வாய்த்ததில்லை! ஜெனீவாக்காரர் போட்ட வறட்டு ஜோக்குக்குக்கூட சூரிச்சில் குபீரென்று சிரித்தார்கள்.

முடிந்ததும் நாட்யா கேட்டாள்: "எந்த ஸ்டுடியோவுல இருக்கே? எங்க கூண்டுலகூட இவ்வளவு சுத்தமா கேக்காதே!"

"எங்க வீட்டுப் பதுங்கறை. ஆப்பிளுக்கு நடுவுல."

நாட்யாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அங்கேயே இரு தாயே. சூரிச் பேச்சையே எடுக்கமாட்டேன்."

ரெகுலா கதவைத் தள்ளித் திறந்தாள். மணியோசை வெள்ளமாக உள்ளே புகுந்தது. வாசலில் முக்காலி போட்டு, யாரையும் அண்டவிடாமல் உட்கார்ந்திருந்தாள் ரோஸ்லி. அப்போதுதான் ரெகுலாவுக்கு உறைத்தது. பிறந்ததிலிருந்து மாடு இறங்குவதைத் தவறவிடாதவள் இவள். முன்வரிசை இடத்தை ஒருத்தருக்கும் விட்டுக்கொடுக்காதவள்.

"வாங்க, கடைசி மாடாவது பாக்கலாம்!" கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். ஊர் மொத்தமும் அங்கேதான் நின்றது.

"என்ன ரெகுலா, மாடு நிக்கலையே!" என்று செப் கத்தினான்.

"நிக்க வேணாம் செப்! இன்னும் நல்லா ஆட்டிக்கிட்டுப் போகச் சொல்லு!"

"அது சரி ரோஸ்லி, நீ எங்க போனே? உன் எடத்துல ஆளையே காணோமே?"

ரோஸ்லி இடுப்புச் சாவிக்கொத்தைச் சரிசெய்துகொண்டாள். பிறகு தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"எங்க வீட்டுப் பொண்ணு வேலைல இருந்தாடா. காவலுக்கு உக்காந்திருந்தேன்."