பேசக்கூடாத ஒரு மணி நேரம்

அப்பாவின் பாடையைத் தூக்க மூன்று பேர் குனிந்துவிட்டார்கள். நாலாவது மூலைக்கு மாப்பிள்ளை கையை நீட்டியதும் சித்தப்பா குறுக்கே வந்து நின்றார்.

“நீங்க விடுங்க மாப்பிள்ளை. அண்ணனுக்குப் பிடிக்காது.”

அண்ணன் உயிரோடு இருந்தவரை அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு நாளும் கேட்காத மனிதர் இவர். மகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் என்ன சொல்வது? கல்யாணத்தன்று அப்பா உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி காலை விரித்துக்கொண்டதும், மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்ததும் ஊரறிந்த கதை. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. அப்பா கோபத்தோடேயே போய்விட்டாரே என்பதுதான் காலையிலிருந்து அவளை அறுத்துக்கொண்டிருந்தது.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். யார் முகத்தையும் பார்க்காமல் எல்லோருக்கும் பொதுவாக, “உள்ள போங்க, உள்ள போங்க” என்று கத்திப் பழகியவர். வீட்டிலும் அதே பாணிதான். சுவரைப் பார்த்து, “ஃபேனைப் போட்டா யாருக்கும் கை தேஞ்சிடாது” என்பார். மாப்பிள்ளை எழுந்து போட்டுவிட்டு, “போட்டாச்சு” என்று ஃபேனிடம் சொல்வார். இதையெல்லாம் இரண்டு பேருமே பேச்சில் சேர்த்ததில்லை.

“அண்ணன் தொண்டையிலேர்ந்து இவருக்குன்னு ஒரு வார்த்தை வந்திருக்கா?” என்று சித்தப்பா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

தொண்டை என்றதும் அவளுக்குப் பொறி தட்டியது.

நுரையீரல் புற்றுநோய் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பார்க்க பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னபோது அவள் மாசமாக இருந்தாள். கதிர்வீச்சு மருந்து ஏற்றியவரின் பக்கத்தில் கர்ப்பிணி போகக்கூடாது என்றார்கள். வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை கூடப் போனார். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் அசையாமல், பேசாமல் படுத்திருக்க வேண்டும். அப்பாவால் தனியாக எழுந்திருக்க முடியாது என்பதால் நர்ஸ் மாப்பிள்ளையையும் அறைக்குள் விட்டாள். இந்த இரண்டு பேரிடம் போய், ‘பேசாதீர்கள்’ என்று சொல்வது மீன்குஞ்சுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்த மாதிரிதான் என்று அவள் அன்றைக்குச் சிரித்தாள்.

ஸ்கேன் முடிவு கேட்க அவளும் போயிருந்தாள். படத்தில் நுரையீரலோடு தொண்டையும் பளிச்சென்று எரிந்தது.

“ஊசி போட்டப்புறம் பேசினீங்களா?” என்றார் டாக்டர். “பேசினா தொண்டைத் தசை மருந்தை இழுத்துக்கும். அதுன்னா பயமில்லை. பேசலைன்னா குழாய் விட்டுப் பார்க்கணும்.”

“நான் யார்கிட்ட பேசப்போறேன்?” என்றார் அப்பா. மாப்பிள்ளை செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். அப்பா கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட இருமினார். தொண்டையில் ஒன்றுமே இல்லை. நுரையீரலில் இருந்ததுதான் ஆளைக் கொண்டுபோனது.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

“அன்னிக்கு அந்த ரூம்ல பேசினீங்களா, இல்லையா?”

அவர் சுவரைப் பார்த்தார்.

“என்னைப் பார்த்துச் சொல்லுங்க.”

“என்கிட்ட பேசலை. கூரையைப் பார்த்து, ‘பயமா இருக்கு’ன்னார்.”

“நீங்க?”

“நானும் கூரையைப் பார்த்து, ‘இங்கதான் இருக்கேன்’னேன். அப்புறம் நிறுத்தவே முடியலை. நாற்காலிக் கதையை அவரே எடுத்தார். அவரே சிரிச்சார். நர்ஸ் வர்ற சத்தம் கேட்டா ரெண்டு பேரும் கண்ணை மூடிக்குவோம்.”

“அதுக்காக மூக்குல குழாய் விட்டுக்கணுமா? டாக்டர்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“வெளிய வரும்போது கதவைப் பார்த்து, ‘இங்க நடந்தது வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்’னார். நான் எப்படிச் சொல்றது?”

கூட்டத்தில் யாரோ குபீரென்று சிரித்துவிட்டு இருமி மறைத்தார்கள். அவளுக்கும் சிரிப்புதான் முதலில் வந்தது. அது பாதியில் அழுகையாக மாறியது. சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கினார்.

தூக்கினார்கள். மற்ற மூன்று பேரும் மாப்பிள்ளையின் தோளுக்குத்தான் வருவார்கள். அவர் நிமிர்ந்ததும் அந்த மூலை உயர்ந்து, அப்பா லேசாகச் சரிந்தார். உடனே அவர் முழங்காலை மடித்துத் தோளைத் தாழ்த்திக்கொண்டார். சவ வண்டி தெருமுனையில் நின்றிருந்தது. அதுவரை அப்படியே, மடித்த காலோடு, தத்தித் தத்தி நடந்தார். அப்பா எந்தப் பக்கமும் சாயாமல் போனார்.